வீட்டிற்கு இணையம்: செம்புக் கம்பியா, கண்ணாடி இழையா?

பட்டா, சிட்டா பார்ப்பதற்கும், சந்தை விலையை அறிவதற்கும், பயிர்க் காப்பீட்டிற்கு மனுச் செய்வதற்கும் இக்காலத்தில் இணையம் இன்றியமையாத சாதனமாகிவிட்டது. கைப்பேசியைக் கொண்டே இவற்றுள் பலவற்றைச் செய்துகொள்ளலாம். எனினும், பிள்ளைகள் படிக்கும் வீட்டிற்கும், பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் வீட்டிற்கும் நிலையான இணைப்பு ஒன்று தேவை. அது பழைய தொலைபேசிக் கம்பி வழியாகவும் வரலாம்; கண்ணாடி இழை வழியாகவும் வரலாம். எதைத் தேர்ந்தெடுப்பது நலம் என்பதை இங்கு ஆராய்வோம்.

தொலைபேசிக் கம்பி

நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணைய சேவை 1995 ஆகஸ்டு 15-இல் தொடங்கியது. அன்று அது வீடுகளுக்கு வந்தது தொலைபேசிக் கம்பி வழியாகத்தான். பேச்சைக் கொண்டு செல்வதற்கென இழுக்கப்பட்ட செம்புக் கம்பியில் செய்தி மின்சாரமாக ஓடுகிறது. மண் வாய்க்காலில் பாயும் நீர் வழியெல்லாம் கசிந்து கடைமடையில் குறைவதைப் போல, தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூட இதன் வலிமையும் குன்றும். ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் என்னும் முறையில் நிலையத்தின் அருகே நொடிக்கு 24 மெகாபிட் வரை பெறலாம். சுமார் 5 கிலோமீட்டருக்கு அப்பால் இணைப்பு நிலைத்து நிற்பதே அரிது. மழைநீர் புகுந்து கம்பியின் இணைப்புகள் களிம்பேறினாலும் வேகம் குறையும்.

கண்ணாடி இழை

தலைமயிர் அளவே பருமனுள்ள தூய கண்ணாடி இழையில் செய்தி ஒளியாகச் செல்கிறது. இது தொலைதூரச் செய்திப் போக்குவரத்திற்கு ஏற்றது என்பதை 1966-இல் எடுத்துக்காட்டிய சார்லஸ் காவ் என்னும் அறிஞருக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று வழக்கிலுள்ள முறையில், இடையே மின்கருவி எதுவுமின்றி 20 கிலோமீட்டர் வரை ஒளியை அனுப்பலாம். நொடிக்கு சுமார் 2,500 மெகாபிட் கொண்டுவரும் ஓர் இழையை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. ஆயினும், தாய்க்கால் குறுகியிருந்தால் கிளைக்கால் அகன்றிருந்து பயனில்லை; ஊருக்கு வரும் முதன்மை இணைப்பும் போதிய அளவினதாக இருத்தல் வேண்டும்.

பெறுவது மட்டுமன்று, அனுப்புவதும் முக்கியமாகும். 20 மெகாபைட் அளவுள்ள ஆவணம் என்பது 160 மெகாபிட் ஆகும். நொடிக்கு அரை மெகாபிட் அனுப்பும் செம்புக் கம்பியில் அதற்கு ஐந்து நிமிடங்களுக்கு மேலாகும். 20 மெகாபிட் அனுப்பும் இழையில் எட்டு நொடி போதும்.

இழையின் குறைகள்

தொலைபேசிக் கம்பிக்கு நிலையத்திலிருந்தே மின்சாரம் வருவதால், மின்தடையிலும் சாதாரணத் தொலைபேசி பேசும். இழை இணைப்பிலோ வீட்டிலுள்ள கருவிக்கு மின்சாரமில்லையேல் இணையமும் இல்லை, பேச்சும் இல்லை. சிறு பேட்டரி ஒன்று வைத்துக்கொள்வது நன்று. மேலும், அறுந்த செம்புக் கம்பியை முறுக்கிச் சேர்த்துவிடலாம். அறுந்த இழையை உருக்கி ஒட்டுவதற்குத் தனிக் கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஒப்பந்தம் செய்யுமுன் பின்வருவனவற்றைக் கேட்டறிய வேண்டும்:

1. இழை வீடுவரை வருகிறதா, தெருமுனைவரை வந்து பிறகு செம்புக் கம்பியா?
2. பெறும் வேகம் எவ்வளவு, அனுப்பும் வேகம் எவ்வளவு?
3. மாத அளவு தீர்ந்தபின் வேகம் எவ்வளவாகக் குறைக்கப்படும்?
4. கருவியின் விலை, அமைப்புக் கட்டணம், வரி யாவும் சேர்த்து முதலாண்டில் ஆகும் செலவு என்ன?
5. பழுது நேர்ந்தால் எத்தனை நாளில் ஆள் வருவார்?

ஐந்தாவது கேள்விக்கு விற்பவர் கூறும் விடையைவிட, அண்டை வீட்டார் கூறும் விடையே நம்பத்தக்கது. வேகம் மிகுந்து பத்து நாள் அறுந்து கிடக்கும் இணைப்பினும், வேகம் சற்றுக் குறைந்து நாள்தோறும் நிற்கும் இணைப்பே மேலானது.

ஊராட்சியின் கடமை

நாட்டின் ஊராட்சிகளை இழையால் இணைக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2011-இல் ஒப்புதல் அளித்தது; அதுவே இன்று பாரத்நெட் எனப்படுகிறது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இவ்வாறு இணைப்பதற்கெனத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் அமைக்கப்பட்டது. ஊராட்சி அலுவலகத்திற்கு இழை வந்துவிட்டதாலேயே ஒவ்வொரு வீட்டிற்கும் அது வந்துவிட்டதாகக் கொள்ளலாகாது. அங்கிருந்து வீடுகளுக்குக் கொண்டு செல்ல யார் முன்வருகின்றனர் என்பதை மன்றம் விசாரித்து, கிராம சபையில் அறிவித்தல் நலம்.

குடிநீர்க் குழாய்க்கும் சாலைக்கும் பள்ளம் தோண்டும்போது ஓர் இழை அறுந்தால், பள்ளியும் அலுவலகமும் பல வீடுகளும் ஒருசேரத் துண்டிக்கப்படும். தோண்டுமுன் கம்பி உடையவர்களுக்குத் தெரிவிப்பதற்கென்றே ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்னும் செயலி 2023 மார்ச்சு 22-இல் தொடங்கப்பட்டது. ஒப்பந்தக்காரர் அதனைப் பயன்படுத்தினாரா என்பதைப் பணி உத்தரவு வழங்கும்போதே கேட்டல் வேண்டும்.

ஆகவே, நல்ல பராமரிப்புடன் இழை கிடைக்கும் ஊரில் இழையையே பெறுக. அது வராத ஊரில், தொலைபேசி நிலையம் அருகிலிருந்து கம்பியும் செம்மையாக இருப்பின், தற்போதைக்குக் கம்பி இணைப்பைக் கொள்ளலாம்; ஆனால் நெடுங்கால ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டா. பல ஊர்களில் செம்புக் கம்பிக்கு மாற்றாக இழை இடப்பட்டு வருகிறது. அது நம் ஊருக்கும் வரும்போது, அதனை அறாமல் காப்பது நம் அனைவரின் பொறுப்பாகும்.