கூட்டு ஏட்டிற்கு ஏற்ற குறி எது?

பலர் கூடி எழுதித் திருத்தும் கணினி ஏட்டிற்கு 'விக்கி' என்று பெயர். ஹவாய் மொழியில் 'விரைவு' என்பது இதன் பொருள். 1995இல் வார்டு கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கர் முதல் விக்கியை நிறுவினார். ஒரு சொல்லைத் தடித்த எழுத்தாக்கவும், வேறு பக்கத்தோடு இணைக்கவும் நாம் இடும் அடையாளங்களே குறிமொழியாகும்.

அவர் வகுத்த இணைப்பு முறை வேடிக்கையானது. இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்களை இடைவெளியின்றிச் சேர்த்து, ஒவ்வொன்றின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக எழுதினால் அது இணைப்பாகிவிடும். நம் தமிழிலோ பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லையே! 2001இல் தோன்றிய விக்கிப்பீடியாவும் முதலில் இம்முறையையே கையாண்டது. அவ்வாண்டிலேயே இரட்டைச் சதுர அடைப்புக்குறியையும் ஏற்றது. அதனுள் எம்மொழியும் அடங்கும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்றும் அதுவே வழக்கு.

தடித்த எழுத்துக்கு விக்கிப்பீடியாவில் சொல்லின் இருபுறமும் மும்மூன்று ஒற்றை மேற்கோள் குறிகள். 2004இல் வந்த மார்க்டவுனில் இரண்டிரண்டு நட்சத்திரக் குறிகள். 2007இல் 'கிரியோல்' என்ற பொதுமொழி வகுத்தும் வேற்றுமை ஒழியவில்லை.

தனித்து எழுதுபவர் எதையும் கொள்ளலாம். கூட்டு ஏட்டிலோ, நடுவில் குறியை மாற்றினால் பழைய பக்கங்களையெல்லாம் திருத்த நேரிடும். ஆகையால் நம்முள் கணினியில் மிகக் குறைவாகப் பழகியவர் எவரோ, அவரிடம் ஒரு பக்கம் எழுதக் கொடுத்துப் பார்த்த பின்னரே முடிவு செய்தல் நன்று. அட்டவணை ஒன்றும் அமைக்கச் சொல்ல வேண்டும். மார்க்டவுனின் மூலவடிவில் அதற்கெனத் தனிக் குறியே கிடையாது.