"ஸ்ட்ராங் காபி" பிரியர்களே, உஷார்! டம்ளரில் இருப்பது கொட்டையா? வேரா?

ரிஷிவந்தியம்:

விடிகாலை 4½ மணி. பஸ் நிறுத்தத்து டீக்கடையில் பாய்லர் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. கள்ளக்குறிச்சி பஸ்சுக்கு நிற்பவர், பால் கேனோடு வந்தவர், தூக்கம் கலையாத லாரி டிரைவர்... எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு.

"அண்ணே, ஸ்ட்ராங்கா ஒரு காபி!"

வருகிறது. கருகருவென்று, திக்காக, நாக்கில் ஒட்டும் கசப்போடு. ஒரு மடக்கு குடித்துவிட்டு "இதான்யா காபி" என்று தலையை ஆட்டுகிறார் டிரைவர்.

அவர் குடித்தது முழுக்க காபிதானா? இதுபற்றிய விவரம் வருமாறு:-

மண்ணுக்குள் விளையும் வேர்

அந்தக் கருப்புக்கும் திக்குக்கும் பெரும்பாலும் காரணம் சிக்கரி. இது காபிக்கொட்டை அல்ல, ஒரு செடியின் வேர். முள்ளங்கி மாதிரி மண்ணுக்குள் விளைகிறது. குஜராத்திலும் உத்தரபிரதேசத்திலும் பயிர் செய்கிறார்கள். நறுக்கிக் காயவைத்து, வறுத்து அரைத்தால் காபித்தூள் போலவே இருக்கும். ஆனால் தூக்கத்தை விரட்டும் "கபீன்" இதில் கிடையாது. விலையும் மலிவு. (டிரைவர் அண்ணன்கள் கவனிக்க!)

சிக்கரி விஷம் அல்ல. அதைக் கலப்பதும் குற்றம் அல்ல, சட்டமே அனுமதிக்கிறது. ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. 100 கிராம் கலவையில் காபி 51 கிராமுக்குக் குறையக்கூடாது. காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சடித்திருக்க வேண்டும்.  அதாவது, கிட்டத்தட்ட பாதி வேர் இருந்தாலும் அது சட்டப்படி சரக்குதான்!

வம்பு வருவது எழுத்தே இல்லாத பொட்டலத்தில். அதில் என்ன கணக்கு என்று யாருக்குத் தெரியும்? வறுத்த புளியங்கொட்டை, பேரீச்சங்கொட்டைத் தூள், களிமண் கலப்பவர்களும் உண்டு. அது பச்சைக் கலப்படம்.

விலை ஏறியது, கை நீண்டது

பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி. அதனால் 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா கொட்டை ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) 4 டாலரைத் தாண்டியது. அங்கே ஏறினால் இங்கே டம்ளரில் எதிரொலிக்கும். கொட்டை விலை ஏற ஏற, வேர் பக்கம் கை நீளுவது வியாபார ஆசை. எல்லாக் கடைக்காரரும் அப்படி என்று சொல்லவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. பக்கத்து சேலம் மாவட்டத்து ஏற்காட்டில் 1820-களிலேயே கலெக்டர் காக்பர்ன் காபி பயிரை ஆரம்பித்து வைத்தார். இன்றும் அங்கே தோட்டங்கள் உண்டு. இவ்வளவு கிட்டத்தில் கொட்டை விளைய, நமக்கு குஜராத் வேர்!

ஒரு கிளாஸ் தண்ணீர் போதும்

வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். கண்ணாடி கிளாசில் பச்சைத் தண்ணீர் எடுத்து, மேலே ஒரு சிட்டிகை தூளைத் தூவுங்கள். கலக்காதீர்கள். காபித்தூள் மிதக்கும். சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு சரசரவென்று அடியில் இறங்கும். களிமண் சந்தேகம் இருந்தால் அரை ஸ்பூன் தூளைப் போட்டுக் கலக்கி, 5 நிமிடம் ஆறவிடுங்கள். மண் அடியில் தங்கிவிடும்.

இந்த சோதனை பில்டர் தூளுக்குத்தான். தண்ணீரில் கரையும் இன்ஸ்டன்ட் பாக்கெட்டுக்குப் பலிக்காது. அதற்கு பாக்கெட்டின் பின்பக்கப் பொடி எழுத்தைத்தான் படிக்க வேண்டும். ஐந்து ரூபாய் பாக்கெட்டில் அதைப் படிக்க பூதக்கண்ணாடி வேண்டும் என்பது வேறு விஷயம்!

தூள் அரைக்கும் கடையில் வாங்குகிறவர்கள் சும்மா நிற்காமல், "நூறுக்கு எத்தனை சிக்கரி?" என்று கேட்டு, கண் எதிரே எடை போடச் சொல்லுங்கள். பத்தோ, இருபதோ, உங்கள் நாக்குக்கு எது பிடிக்குமோ அது. சந்தேக சரக்கு சிக்கினால் பொட்டலத்தோடு மாவட்ட உணவு பாதுகாப்பு அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டமாகிவிட்டதால், முன்பு போல விழுப்புரத்துக்கு அலைய வேண்டியதில்லை.

மாஸ்டர் சொன்ன கதை

பஸ் நிறுத்தத்து டீ மாஸ்டரிடம் இதையெல்லாம் எடுத்துச் சொன்னோம். அவர் ஆத்துவதை நிறுத்தவில்லை.

"நீங்க சொல்றது சரிதான் தம்பி. நானும் ஒரு வாட்டி சிக்கரியே இல்லாத தூள் வாங்கி வந்து டிகாஷன் போட்டேன். நல்ல வாசனை. ஆனா கலர் வரல. நாலு பேரு குடிச்சாங்க. நாலு பேரும் 'என்னண்ணே, இன்னிக்கி தண்ணியா இருக்கு, காசை மிச்சம் பிடிக்கிறியா?'ன்னு கேட்டாங்க. மறுநாளே பழைய தூளுக்குத் திரும்பிட்டேன்."

சொல்லிக்கொண்டே ஒரு டம்ளரை நம் பக்கம் நீட்டினார். நல்ல கருப்பு. நல்ல திக்கு.

குடித்தோம். பழக்க தோஷம்!