இரத்த ரிப்போர்ட் 'நார்மல்' என்றால் நோய் இல்லை என்று அர்த்தமா?

இருபத்தைந்து வயதுப் பெண் ஒருவருக்குத் திடீரென ஒரு கண்ணில் பார்வை மங்குகிறது. கண்ணை அசைத்தால் வலிக்கிறது. சில வாரங்களில் அது தானாகவே சரியாகிவிடுகிறது. பல மாதங்கள் கழித்து ஒரு கால் மரத்துப் போகிறது, நடை தடுமாறுகிறது. இரத்தப் பரிசோதனை செய்தால் எல்லாம் 'நார்மல்' என்று வருகிறது. "அல்ஹம்துலில்லாஹ், ஒன்றுமில்லை" என்று குடும்பமே நிம்மதி அடைகிறது. தொல்லை மீண்டும் வந்தால் கண்திருஷ்டி என்பார்கள் சிலர். மன அழுத்தம் என்பார்கள் வேறு சிலர்.

ஓதிப் பார்ப்பதையும் துஆ செய்வதையும் நாம் விட வேண்டியதில்லை. ஆனால் நோய் வந்தால் மருத்துவத்தை நாட வேண்டும் என்பதும் நம் மார்க்கம் காட்டிய வழிதான். மேலே சொன்ன அறிகுறிகள் 'மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ்' என்ற நரம்பு நோயின் தொடக்கமாக இருக்கக்கூடும். சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள். இந்த நோயைக் கண்டறிவதில் ஆய்வுக்கூடப் பரிசோதனைகளால் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பதை நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

எம்.எஸ். என்பது என்ன?

மின்கம்பியைச் சுற்றி பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல, நம் நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்ற உறை இருக்கிறது. நோயிலிருந்து நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே வழிதவறி மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் உள்ள இந்த உறையைத் தாக்குவதுதான் எம்.எஸ். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பாதிக்கும். இது தொற்றுநோய் அல்ல.

பாரிஸ் நகர மருத்துவர் ஷார்கோ 1868இல் இந்த நோயைத் தெளிவாக விவரித்தார். அதன்பின் 150 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், 'இதோ எம்.எஸ்.' என்று உறுதியாகக் காட்டும் தனி இரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. நரம்பு மண்டலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பாதிப்பு இருக்கிறதா, அது வெவ்வேறு காலங்களில் ஏற்பட்டதா என்று நரம்பியல் மருத்துவர் பார்ப்பார். 2001இல் வெளியாகி, பலமுறை திருத்தப்பட்ட மெக்டொனால்ட் விதிமுறைகளே இதற்கு வழிகாட்டி. அறிகுறிகளின் வரலாறும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் இதில் முதன்மையானவை. ஆய்வுக்கூடம் இவற்றுக்குத் துணையாக இரண்டு வேலைகளைச் செய்கிறது.

முதல் வேலை: வேறு நோயா என்று பார்ப்பது

எம்.எஸ். போலவே தோற்றம் தரும் நோய்கள் பல உண்டு. வைட்டமின் பி12 குறைந்தாலே கால் மரத்து நடை தடுமாறும். அதைச் சரிசெய்வது எளிது. லூபஸ், சார்காய்டோசிஸ், சிபிலிஸ், எச்.ஐ.வி. போன்றவையும் நரம்பைத் தாக்கக்கூடியவை. மருத்துவர் இந்தப் பரிசோதனைகளை எழுதித் தந்தால் நோயாளியின் ஒழுக்கத்தைச் சந்தேகிக்கிறார் என்று யாரும் வருந்த வேண்டியதில்லை. எதையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் செய்யப்படுபவை அவை.

இவற்றில் மிக முக்கியமானது அக்வாபோரின்-4 எதிர்ப்பொருள் பரிசோதனை. இது 'நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா' என்ற நோயைக் காட்டிக்கொடுக்கும். அதுவும் கண் பார்வையையும் தண்டுவடத்தையும் தாக்கும். முன்பு எம்.எஸ். நோயின் ஒரு வகை என்றே கருதப்பட்டது. 2004இல் இந்த எதிர்ப்பொருள் கண்டறியப்பட்ட பிறகுதான் அது தனி நோய் என்பது தெளிவானது. மேற்கு நாடுகளோடு ஒப்பிட்டால், எம்.எஸ். குறைவாகக் காணப்படும் ஆசியாவில் இந்த நோயின் பங்கு கூடுதல். எம்.எஸ். நோய்க்குத் தரும் இன்டர்ஃபெரான் போன்ற சில மருந்துகள் இந்த நோயை மோசமாக்கிவிடும். ஆகவே, தேவையான இடத்தில் இந்தப் பரிசோதனையை 'செலவு' என்று தவிர்ப்பது ஆபத்து. இதேபோன்ற மற்றொரு நோயைக் கண்டறிய மாக் எதிர்ப்பொருள் பரிசோதனையும் உண்டு.

இரண்டாவது வேலை: தண்டுவட நீரில் சான்று தேடுவது

'முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போகும்' என்ற அச்சம் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது. உண்மையில், தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே, இடுப்புப் பகுதியில்தான் ஊசி செலுத்தப்படுகிறது. எடுப்பது சிறிதளவு நீரே. நம் உடல் நாளொன்றுக்குச் சுமார் 500 மி.லி. நீரைப் புதிதாகச் சுரக்கிறது. சிலருக்குச் சில நாட்கள் தலைவலி இருக்கும். கடுமையாக இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அந்த நீரில் 'ஆலிகோகுளோனல் பேண்ட்' எனப்படும் புரதக் கோடுகள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அதே வேளையில் இரத்தமும் எடுத்து ஒப்பிடுவார்கள். இரத்தத்தில் இல்லாத கோடுகள் தண்டுவட நீரில் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால், எதிர்ப்பு சக்தி நரம்பு மண்டலத்துக்குள்ளேயே இயங்குகிறது என்று பொருள். 2017ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தச் சான்றுக்குக் கூடுதல் இடம் தந்தது. இதனால் உரிய அறிகுறிகளும் ஸ்கேன் சான்றும் உள்ள நோயாளிக்கு, இரண்டாவது தாக்குதல் வரும்வரை காத்திராமல் நோயை உறுதிசெய்ய முடிகிறது. ஆனால் வேறு சில மூளைத் தொற்றுகளிலும் இந்தக் கோடுகள் வரலாம், எம்.எஸ். உள்ள சிலருக்கு வராமலும் போகலாம். தனியாக இந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

குடும்பத்தார் கவனத்துக்கு

* பழைய ரிப்போர்ட்டுகள், ஸ்கேன் படங்கள் அனைத்தையும் ஒரே கோப்பில் வையுங்கள். பார்வை மங்கியது எப்போது, எத்தனை நாள் நீடித்தது என்பதையும் எழுதி வையுங்கள்.

* சாப்பிடும் மாத்திரைகளை மறைக்காதீர்கள். முடி வளர்ச்சிக்காக எடுக்கும் பயோட்டின் மாத்திரை தைராய்டு உள்ளிட்ட சில பரிசோதனைகளின் முடிவை மாற்றிவிடும். பி12 மாத்திரை, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து பற்றியும் சொல்லுங்கள்.

* ஸ்டீராய்டு சிகிச்சை எதிர்ப்பொருள் பரிசோதனையைப் பாதிக்கலாம். முடிந்தவரை அதற்கு முன்பே இரத்தம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

* தண்டுவட நீர் எடுக்க இடுப்பின் சிறு பகுதி மட்டும் தெரிந்தால் போதும். மற்ற இடங்களை மறைக்கவும், பெண் செவிலியர் உடனிருக்கவும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

* ரமளானில் பரிசோதனை வந்தால், நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் களா செய்ய மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. உங்கள் ஊர் ஆலிமிடமும் மருத்துவரிடமும் கேட்டு முடிவெடுங்கள்.

திருமணம் பேசும் வயதில் பெண்ணுக்கு இந்த நோய் என்று தெரிந்தால் ரிப்போர்ட்டை ஒளித்து வைத்து, சிகிச்சையையும் நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. இதனால் இழப்பு அந்தப் பெண்ணுக்குத்தான். ஒவ்வொரு தாக்குதலும் நரம்பில் நிரந்தரச் சேதத்தை விட்டுச் செல்லலாம். முன்கூட்டியே தொடங்கும் மருந்து தாக்குதல்களைக் குறைக்கும். எம்.எஸ். உள்ள பெண்கள் மருத்துவரின் ஆலோசனையுடன் திருமண வாழ்வையும் தாய்மையையும் அடைகிறார்கள்.

ஆகவே 'நார்மல்' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடாமல், அறிகுறி மீண்டும் வந்தால் நரம்பியல் மருத்துவரை நாடுவோம். நோயுற்ற நம் சகோதர சகோதரிகளுக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன்.