வண்டிக்கு நகை பூட்டலாமா?

கார் வந்த மறுவாரமே வீட்டுப் பிள்ளையாண்டானுக்கு ஓர் ஆசை பிறந்துவிடுகிறது. சைலன்ஸரை மாற்ற வேண்டுமாம். தெருக்கோடியிலேயே உறுமல் கேட்க வேண்டுமாம்!

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதில் வெகு கண்டிப்பு. பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள், கம்பெனி செய்தனுப்பியதற்கு மாறாகும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதையே உறுதி செய்தது. வர்ணம் மாற்றலாம், அங்கீகாரம் பெற்ற காஸ் கருவியும் பொருத்தலாம். ஆனால் இரண்டையும் ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவில் ஏற்றிவிட வேண்டும். ஸீட்டுக்கு உறை தைத்துப் போட யார் தடுக்கிறார்கள்?

சைலன்ஸர் கதை வேறு. புகைக் குழாயின் வழியில் 'காடலிடிக் கன்வர்ட்டர்' என்றொரு பெட்டி. அதனுள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு. (வண்டியின் அசல் நகை அங்கேதான் ஒளிந்திருக்கிறது!) கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயுவைக் கரியமில வாயுவாக்குவது அதுதான். பி.எஸ்.4 பெட்ரோல் கார் நின்றபடி ஓடுகையில் அந்த விஷவாயு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உறுமலுக்காகப் பெட்டியைக் கழற்றினால் புகைப் பரீட்சையில் தேறுவது எப்படி? சான்றிதழ் இல்லையென்றால் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம். ஒரு மாத மளிகை போயிற்று!

பரீட்சைக்குப் புறப்படுமுன் தூசி அடைத்த ஏர் பில்டரை மாற்றிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினோடு போய் நிற்க வேண்டாம். ஒரு கால்மணி ஓட்டிவிட்டுப் போங்கள். சூடேறினால்தான் அந்தப் பெட்டி வேலை செய்யும்.