கல் நிலைக்கும், கம்பி தேயும்

ஆண்டாப் ஹில்லின் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பிலிருந்து காலையில் குரு தேக் பகதூர் நகர் ரயில் நிலையத்துக்கு விரையும் தமிழர்களின் விரலில் ராசிக்கல் மோதிரத்தைப் பார்ப்பது அரிதல்ல. ரயிலில் ஏறியதும் அந்தக் கை பற்றுவது கதவோர எஃகுக் கம்பியை. ஒவ்வொரு நாளும் இரும்பில் உரசுவது கல் அல்ல, அதைக் கவ்விப் பிடித்திருக்கும் மெல்லிய தங்கக் கம்பிகள்.

கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9. சுத்தத் தங்கமோ 2.5 முதல் 3 வரைதான். புழுதியிலுள்ள மணலே 7. நம்மவர்கள் விரும்பும் 22 காரட் தங்கம், 18 காரட்டைவிட மிருதுவானது. ராசிக்கல் உடம்பில் பட வேண்டும் என்பதால் மோதிரத்தின் அடிப்பக்கமும் திறந்தே இருக்கும். நான்கு கம்பிகளில் ஒன்று தேய்ந்தாலே கல் ஆடத் தொடங்கிவிடும்.

முத்திரை இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. 2021 ஜூனிலிருந்து படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட ஹால்மார்க், தங்கத்தின் தரத்துக்குத்தான் சான்று. கல் பதித்த உறுதிக்கு அல்ல. இன்சூரன்ஸ் பாலிசிகளும் பொதுவாகத் தேய்மானத்தால் வரும் நஷ்டத்தை ஏற்பதில்லை.

விழுந்த கல்லைத் தேடுவது எத்தனை சிரமம் என்பதற்கு சூரத் உதாரணம். 2023 செப்டம்பரில் அங்குள்ள வராச்சா பகுதியில் யாரோ வைரப் பொட்டலத்தைத் தவறவிட்டதாக வதந்தி கிளம்ப, தெருப் புழுதியைக் கூட்டம் துழாவியது. சிலருக்குக் கற்கள் கிடைத்தன. ஆனால் அவை 'அமெரிக்கன் டைமண்ட்' எனப்படும் போலிக் கற்கள்.

எச்சரிக்கை மணி முன்பே அடிக்கிறது. மோதிரத்தைக் காதருகே வைத்து மெல்லத் தட்டினால் கலகல ஓசை வரும். கம்பி நுனி புடவை நூலில் மாட்டும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் நுனி தட்டையாகவோ விலகியோ தெரியும். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் மோதிரத்தைக் கழற்றி, சிறு உறையில் போட்டு பத்தரிடம் கொண்டுபோவதே நல்லது. வீட்டிலேயே இடுக்கியால் அழுத்தினால் கம்பி முறியலாம், மரகதம் போன்ற கல் விரிசல் விடலாம்.

தேய்ந்த நுனியில் தங்கம் சேர்த்துப் புதுப்பிக்க முடியும். பாத்திரம் தேய்க்கும்போதும் மாவு பிசையும்போதும் மோதிரத்தைக் கழற்றி வைப்பது, ஆண்டுக்கு ஒரு முறையாவது பத்தரிடம் காட்டுவது. இந்த இரண்டு பழக்கங்களுக்கு ஆகும் செலவு, தொலைந்த கல்லின் விலைக்கு முன் ஒன்றுமே இல்லை.