நுண்ணறிவும் நுண்ணுணர்வும்

ஒரு வகுப்பில் இரு மாணவர் உளர் எனக் கொள்வோம். ஒருவன், ஆசிரியர் கணக்கை எழுதி முடிக்குமுன்னரே விடையைக் கண்டுவிடுகின்றான். மற்றவனோ, அடுத்திருப்பவனை ஆசிரியர் கடிந்தாலும் தான் முகம் வாடுகின்றான். தேர்வு மண்டபத்தில் நாற்காலி இழுபடும் ஓசையும் அவன் சிந்தையைக் குலைத்துவிடும். முன்னவனை அறிஞன் என்றும் பின்னவனைக் கோழை என்றும் பலர் கூறுவர். வேறு சிலர், அறிவு மிக்கார்க்கு உள்ளம் மெலிதாகவே இருக்குமென இரண்டனையும் ஒன்றாக்குவர். இவ்விரு கருத்தும் ஆராயத்தக்கன.

நுண்ணறிவாவது, பொருள்களின் தொடர்பை விரைந்துணர்ந்து புதிய இடர்ப்பாட்டிற்கு வழிகாணும் ஆற்றல். பாரிசு நகரில் ஆல்பிரெட் பினே என்னும் உளநூலார், சிமோன் என்பாருடன் கூடி, 1905-ஆம் ஆண்டில் இதனை அளக்கும் சோதனை ஒன்றை வகுத்தார். கல்வியில் தனியுதவி வேண்டும் சிறுவரைக் கண்டறிதலே அவர்தம் நோக்கமாயிருந்தது. இக்காலத்துச் சோதனைகளில் நடுவெண் 100 ஆகும். 130-ம் அதற்கு மேலும் பெறுவோர் நூற்றுக்கு ஏறக்குறைய இருவரே. அவரையே பெரும்பாலும் பேரறிவினர் என்ப.

நுண்ணுணர்வாவது, ஒளியும் ஓசையும் பிறர் முகக்குறிப்பும் உள்ளத்தில் ஆழப் பதியும் இயல்பு. அமெரிக்க நாட்டு எலெய்ன் ஆரன் அம்மையார் 1996-இல் வெளியிட்ட நூலில் இதனைப் பிறவியியல்பென விளக்கி, நூற்றுக்கு 15 முதல் 20 பேர் இத்தகையர் என மதிப்பிட்டார். ஒதுங்கி வாழும் விருப்பமும் மனக்கலக்கமும் இதனோடு ஒருபுடை ஒத்தனவேனும் இதுவே ஆகா என்பதை, மறு ஆண்டில் தம் கணவருடன் எழுதிய கட்டுரையிற் காட்டினார்.

இவ்வெண்களை ஒப்புநோக்குக. பதினைவர் இருவருள் அடங்குதல் யாங்ஙனம்? ஆகவே, நுண்ணுணர்வினருட் பெரும்பாலார் பேரறிவினர் அல்லர். அதனால் அவர்க்கு இழுக்கும் இல்லை. இனி, பேரறிவினர் மெல்லியல்பினராகவே இருப்பரோவெனின், அதுவும் அன்று. டெர்மன் என்பார் 1921-இல் கலிபோர்னியாவில் ஆராயத் தொடங்கிய ஆயிரத்தைந்நூற்றுக்கு மேற்பட்ட நுண்ணறிவுச் சிறுவர், உடலுரத்திலும் உளவுரத்திலும் பிறர்க்குக் குறைந்தவராய்க் காணப்பட்டிலர். இரண்டும் ஒருவனிடத்தே கூடுதலும் உண்டு. ஒன்று மற்றதற்குக் காரணமென்பது மட்டும் பொருந்தாது.

இவ்வேற்றுமையை அறிவதால் வரும் பயன் யாதெனின், ஒவ்வொருவர்க்கும் வேண்டுவதை அளித்தலே. கூர்த்த மதியுடையானுக்கு அரிய பணி வேண்டும். அஃதின்றேல் அவன் சோம்பிக் கெடுவான். மெல்லிய உணர்வுடையானுக்கு அமைதியான இடமும் சிறிது பொழுதும் வேண்டும். அவை வாய்ப்பின், முன்பு வாராத விடை அவனிடத்திருந்தும் வரும். மாணவ நண்பர்களே, உம் பக்கத்திலிருப்பவன் வாய்திறவாதிருப்பின், அவனை மந்தனென்று முடிவுசெய்யுமுன் சற்றே பொறுத்திருமின்.