கன்னத்தில் ஒரு கட்டி



காதுக்குக் கீழே வீங்கினால் நம் வீடுகளில் முதலில் சொல்வது "பொன்னுக்கு வீங்கி" என்பதுதான். கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டு, வேப்பிலையை அரைத்துப் பூசிக் காத்திருப்போம். பொன்னுக்கு வீங்கி பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாகவே வடிந்துவிடும். ஆனால் ஒரு பக்கம் மட்டும், அதிக வலியோ காய்ச்சலோ இல்லாமல், மாதக்கணக்கில் மெல்லப் பெரிதாகும் கட்டியும் உண்டு. அது சிலருக்குக் காசநோயாக இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

காசநோய் என்றால் இருமலும் சளியும் என்றே நினைக்கிறோம். கிருமி மூச்சுக்காற்றோடு நுரையீரலுக்குள் நுழைந்தாலும், இரத்தத்திலும் நிணநீரிலும் கலந்து உடலின் மற்றப் பகுதிகளுக்கும் போகக்கூடும். காதுக்கு முன்னால் உள்ள பரோடிட் என்னும் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் சிறு நிணநீர்க் கணுக்கள் புதைந்திருக்கின்றன. கிருமி அங்கே தங்கினால் கட்டி தோன்றும். இது அபூர்வமான நோய்; அதனாலேயே எளிதில் தவறவிடப்படுகிறது.

இவர்களில் பலருக்கு இருமல் இராது. மார்பு எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியாது. தொட்டுப் பார்த்தாலும் ஸ்கேன் எடுத்தாலும் புற்றுக்கட்டி போலவே தோன்றலாம். பயந்துபோன குடும்பத்தார், "உடனே வெட்டி எடுத்துவிடுங்கள்" என்பார்கள். ஆனால் முகத்தை அசைக்கும் நரம்பு இந்தச் சுரப்பியின் ஊடாகத்தான் கிளைவிட்டு ஓடுகிறது. அது காயப்பட்டால் கண்ணை மூட முடியாது, வாய் கோணிப்போகும். மாத்திரையால் கரையக்கூடிய கட்டிக்காக ஒருவர் தம் புன்னகையை இழக்கவேண்டுமா?

ஆகவே கத்திக்கு முன் ஊசி. மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து சிறிதளவு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறோம். கிருமி வளர்ப்புச் சோதனைக்கும் ஜீன் எக்ஸ்பர்ட் சோதனைக்கும் அனுப்புகிறோம். ஜீன் எக்ஸ்பர்ட் கருவி சுமார் இரண்டு மணி நேரத்தில், காசநோய்க் கிருமி தென்படுகிறதா, ரிஃபாம்பிசின் மருந்து அதனிடம் பலிக்குமா என்று சொல்லிவிடும்.

நோய் உறுதியானால் வழக்கமாக 6 மாத சிகிச்சை. முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதம் மூன்று. அரசுத் திட்டத்தில் இவை இலவசம். வீட்டிலிருந்தே சாப்பிடலாம். நுரையீரல் காசநோய்க்கு வீட்டுச் சிகிச்சையும் சானடோரியச் சிகிச்சைக்கு ஈடானதே என்பதை, 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி மையம் 1959-லேயே உலகுக்குக் காட்டியது.

ஆனால் நோயாளிகள் இரண்டு இடங்களில் தளர்ந்துபோகிறார்கள். சிலருக்கு மருந்து தொடங்கிய வாரங்களில் கட்டி சற்றுப் பெரிதாகும். "மருந்து கேட்கவில்லை" என்று நிறுத்திவிடுவார்கள். வேறு சிலர் கட்டி கரைந்தவுடன், "சுகமாகிவிட்டது" என்று நிறுத்துவார்கள். இரண்டும் ஆபத்து. பாதியில் விட்டால் நோய் திரும்பிவரும். மருந்துக்கு அடங்காத கிருமியும் உருவாகலாம்.

இன்னொரு பாரமும் உண்டு. காசநோய் என்று கேட்டவுடன் தனித் தட்டு, தனித் தம்ளர் வைத்துவிடுகிறார்கள். காசநோய் தட்டினாலோ தம்ளராலோ பரவுவதில்லை. நுரையீரலிலும் தொண்டையிலும் நோய் இல்லாதவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது அரிது.

உங்கள் சபையில் யாருக்காவது காதடியிலோ தாடையின் கீழோ கட்டி மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், தாமதிக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். மருந்து சாப்பிடுகிறவர் இருந்தால், அவரோடு ஒரே பந்தியில் உட்காருங்கள். ஆறு மாதமும் முடிக்க அந்தத் துணை அவருக்குப் பெரிய பலம்.